சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்

(வடபழனியில் கிராமத் தம்பதியர் கூட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



வடபழனி முருகனைத் தரிசித்த கையோடு இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். பொழுது சாய்வதற்குள் ஊர் போய்ச் சேரவேண்டும். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பொங்கல் வந்தால் நம் ஊர்களில் கபடிப் போட்டி உண்டு. இரண்டு பிள்ளைக்குத் தகப்பனானவரும் வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு டவுசரோடு களத்தில் இறங்கிவிடுவார். பாடிப் போனவர் ஊன்றிய காலை எடுக்காமலே உடம்பைத் திருப்புகிறார். முழங்காலுக்குள் 'டப்'பென்று ஒரு சத்தம். வீட்டுக்குத் தூக்கி வருவதற்குள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடுகிறது. "ஒண்ணுமில்லே, சுளுக்குத்தான்" என்று எண்ணெயைக் காய்ச்சி அழுத்தி உருவுகிறோம்.

கெடுதல் அங்கேதான் ஆரம்பம். அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் உருவவும் கூடாது, சூடு வைக்கவும் கூடாது. வீக்கம் அதிகமாகும். ஐஸ் கட்டியை ஈரத்துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிஷம் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்யலாம். காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கவேண்டும். கால் ஊன்றவே முடியவில்லை, கோணலாகத் தெரிகிறது, விரல் மரத்துப்போகிறது என்றால் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சில வாரத்தில் வலி போய்விடும். "ஆறிப்போச்சு" என்று வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஆனால் உள்ளே ஜவ்வு கிழிந்திருந்தால், வரப்பிலிருந்து இறங்கும்போதோ மூட்டை சுமந்து திரும்பும்போதோ கால் திடீரென்று மடங்கும். மடங்குகிற ஒவ்வொரு தடவையும் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு அடிபடுகிறது. நடுவயதிலேயே மூட்டுத் தேய்ந்து, சம்மணம் போட்டு உட்கார முடியாமல் போகலாம். கூலி வேலையை நம்பிய குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் ஏது?

பிசியோதெரபி என்றதும் "கரண்ட் வைப்பாங்களே, அதானே?" என்று கேட்கிறார்கள். கரண்ட் ஒரு சிறு பகுதிதான். நோயாளி தானே செய்கிற பயிற்சிதான் உண்மையான மருந்து. காலை அசைக்காமல் வைத்திருந்தால் தொடைச் சதை வற்றிவிடும். சந்தேகமென்றால் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் சில்லுக்குமேல் ஒரு சாண் தள்ளி, இரண்டு தொடையையும் சுற்றி அளந்து பாருங்கள். அடிபட்ட பக்கம் இளைத்திருப்பது தெரியும். அந்தச் சதைதான் முழங்காலைத் தாங்குகிறது.

முதல் பயிற்சி எளிது. காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அமுக்கி ஐந்து எண்ணும்வரை பிடிக்கவேண்டும். பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. சிகிச்சையாளர் காலைப் பார்த்துச் சொன்னபிறகு தொடங்குங்கள். எண்ணுகிற வேலையை மனைவியிடம் விடுங்கள். தானே எண்ணினால் ஏழிலேயே பத்து வந்துவிடும்! நூல் அளவையும் அந்த அம்மாளே மாதம் ஒருமுறை எடுக்கட்டும்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து இந்திய அணிவரை போன தம்பி நடராஜனை உங்களுக்குத் தெரியும். 2021 ஏப்ரலில் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன். அடுத்த ஐ.பி.எல். 2022-இல் வந்தது, 11 ஆட்டத்தில் 18 விக்கெட் எடுத்தார். இடையில் ஓடியது ஏறக்குறைய ஒரு வருஷம். ஆபரேஷன் நடப்பது ஒருநாள், பயிற்சி மாதக்கணக்கில். நம் ஆட்கள் ஆறாவது வாரமே களத்தில் நிற்கிறார்கள்.

ஜவ்வு ஆபரேஷன் ஆனவர் குறைந்தது ஒன்பது மாதம் பொறுக்கவேண்டும். 2016-இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று, ஒன்பது மாதம்வரை களம் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும், மறுபடி அடிபடும் அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்று கண்டது. நாள் கணக்கு மட்டும் போதாது. நல்ல காலின் பலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறாவது அடிபட்ட காலுக்கு வந்திருக்கவேண்டும். கிழிந்த எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. அதை டாக்டர் தீர்மானிப்பார். பயிற்சி மட்டும் இரண்டு தரப்புக்கும் உண்டு.

பெண்பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. குதித்துத் திரும்பி ஆடும் ஆட்டங்களில் இந்த ஜவ்வுக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. "கால் போயிடுச்சு, நாளைக்கு எவன் கட்டுவான்" என்று மறைத்து வைக்கிறார்கள். மறைப்பதால்தான் அந்தக் கால் வீணாகிறது. ஆட்டத்துக்குமுன் குதிப்பதையும் முழங்கால் உள்பக்கம் சாயாமல் இறங்குவதையும் பழக்கிவிட்டால், வரும் காயத்தில் கணிசமான பங்கைத் தடுத்துவிடலாம்.

எங்கே போவது? முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார். சென்னையில் இருக்கும் உறவினருக்கு, வடபழனியை அடுத்த கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் அதில் சேர்க்கப்பட்டது. அது நடமாட முடியாதவர்களுக்கானது. நடக்கமுடிந்த இளைஞர் நேரில் போகவேண்டும். போகும்போது எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களையும் நூல் அளவு குறித்த தாளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.