தலை எண்ணினால் போதுமா?

மேடையில் அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும், காட்டிலிருந்து இறங்கி வந்திருக்கும் வனத்துறை நண்பர்களுக்கும், எத்தனை முறை அழைத்தும் பின்வரிசையை விட்டு வர மறுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் என் வணக்கம்.

தலைமையுரை நீண்டுவிடுமோ என்ற கவலை சில முகங்களில் தெரிகிறது. ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். ஓர் உயிரினத்தின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால் அதன் இனத்தொகையைச் சொன்னதாகிவிடுமா?

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘புலிகளின் மக்கள்தொகை’ என்று சிலர் எழுதுகிறார்கள். அஃறிணைக்கு உயர்திணைப் பதவி கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். பாடநூல் ‘இனக்கூட்டம்’ என்கிறது. நான் பழக்கத்தால் ‘இனத்தொகை’ என்பேன். ஓரிடத்தில், ஒரே காலத்தில் வாழ்ந்து தமக்குள் இனம்பெருக்கும் ஓரின உயிர்கள் என்பதே பொருள். இந்தத் தொகைக்கு வாசல்கள் நான்கு. பிறப்பும் உள்வரவும் கூட்டும். இறப்பும் வெளியேற்றமும் குறைக்கும். ஒரு நாள் போய் எடுக்கும் கணக்கு வங்கிப் புத்தகத்தின் கடைசி வரியைப் போன்றது. இருப்பு தெரியும், வரவும் செலவும் தெரியாது.

நம் மாநில விலங்கான வரையாட்டையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025இல் 1,303. ஓராண்டில் நூற்றுக்கு 26 கூடுதல்! நல்ல செய்திதான். ஆனால் வரையாடு பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் ஈனும். கூட்டத்தில் கிடாக்களும் பருவமெய்தாத ஆடுகளும் உண்டு. பிறந்த குட்டிகளில் ஒரு பங்கு சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் போகும். ஆகவே இந்த உயர்வில் பிறப்பு எவ்வளவு, நம் தேடல் கூடியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் கைதட்டக் கூடாது. மேகம் இறங்கிய பாறைச்சரிவில் கண்ணில் படாத ஆடு இல்லாத ஆடு ஆகாது. ஒரே சரிவை இருவர் தனித்தனியே எண்ணும் முறை இதற்காகத்தான். இருவரும் கண்டவை எத்தனை, ஒருவர் மட்டும் கண்டவை எத்தனை என்று ஒப்பிட்டால், இருவருமே தவறவிட்டவற்றை மதிப்பிடலாம்.

சரி, எண்ணிக்கை பிழையின்றிக் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பெல்ஜியக் கணிதர் வெருல்ஸ்ட் 1838இல் எழுதிய சமன்பாட்டில், கூட்டம் பெருகப் பெருக வளர்ச்சி வேகம் தணிந்து, தாங்குதிறன் என்னும் மட்டத்தில் மெல்லப் படிந்துவிடும். அந்த ‘எஸ்’ வளைகோட்டைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேனோ தெரியாது. மான்கள் என் வகுப்புக்கு வந்ததில்லை.

1944இல் பெரிங் கடலின் செயின்ட் மேத்யூ தீவில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை 29 ரெயின்டீர் மான்களை இறக்கியது. வேட்டையாடும் விலங்கு அங்கே இல்லை. தரையெங்கும் லைக்கன் மெத்தை. 1957இல் 1,350 மான்கள், 1963இல் 6,000. அன்று தலையை மட்டும் எண்ணியவர் வெற்றி என்றே பதிந்திருப்பார். ஆனால் அங்கே ஆய்வு செய்த டேவிட் கிளைன் எடையையும் குட்டிகளையும் பார்த்தார். மான்கள் இளைத்திருந்தன, தாய்மான்களோடு ஒப்பிடக் குட்டிகளின் விகிதம் சரிந்திருந்தது. குளிர்காலத் தீவனமான லைக்கன் தேய்ந்துபோயிருந்தது. அடுத்து வந்த கடுங்குளிர் மீதியை முடித்தது. 1966இல் எஞ்சியவை 42. அவற்றில் கிடா ஒன்றே ஒன்று, அதுவும் இனம்பெருக்கும் தகுதியற்றது. மந்தை நாளடைவில் அற்றுப்போனது. அத்தீவின் உச்ச எண்ணிக்கையும் வீழ்ச்சியின் தொடக்கமும் ஒரே ஆண்டில் எழுதப்பட்டவை.

நம் பாறு கழுகுகளின் கதை இதற்கு நேர் எதிர். தீவனம் குறையவில்லை, செத்த மாடு நிறைய. ஆயினும் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992 முதல் 2007க்குள் 99.9 விழுக்காடு மறைந்தது. மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி, பிணத்தைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. நச்சுப் பிணங்கள் எத்தனை இருந்தால் இவ்வளவு பெரிய வீழ்ச்சி வரும்? நூற்றில் ஒன்று கூட வேண்டியதில்லை என்று கணக்கிட்டார்கள். என் மாணவர்கள் இதை முதலில் நம்புவதில்லை. பாறு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். இனம்பெருக்கத் தொடங்க ஏறக்குறைய 5 ஆண்டு ஆகும். நெடுநாள் வாழ்ந்தே அது கணக்கை ஈடுகட்டுகிறது. வளர்ந்த பறவையின் இறப்பு வீதம் சற்றே ஏறினாலும் கட்டடமே சாயும். எலிக்கு இது பொருந்தாது. அதனால்தான் ஆண்டுதோறும் கிட்டி வைத்தும் வயலில் எலியிடம் தோற்கிறோம். கால்நடைக்கு அம்மருந்து 2006இல் தடைசெய்யப்பட்டது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருப்பவை இன்னும் மெதுவாகவே முட்டையிடுகின்றன.

இன்னொன்று. 300 வரையாடுகள் ஒரே புல்மலையில் வாழ்வதும், பத்துப் பத்தாக முப்பது குன்றுகளில் சிதறி வாழ்வதும் பட்டியலில் ஒன்றுதான். இடையில் தேயிலைத் தோட்டமும் சீகை மரக்காடும் வந்து நான்கு வாசல்களில் இரண்டு அடைபட்டால், ஒரு குன்றில் அற்றுப்போனதை அடுத்த குன்று நிரப்பாது.

எனவே இன்று கட்டுரை படிப்போரிடம் ஒரு வேண்டுகோள். எண்ணிக்கை வரும் இடங்களில் எல்லாம் நான் குறுக்கிடுவேன். குட்டி எத்தனை, வளர்ந்த பெட்டை எத்தனை, காணாமல் விட்டது எவ்வளவு என்று கேட்பேன், கோபிக்க வேண்டாம். முதல் கட்டுரை வரையாட்டைப் பற்றியது. படிக்க இருப்பவர் பின்வரிசையில்தான் ஒளிந்திருக்கிறார். எழுந்து வாருங்கள், தம்பி, உங்களுக்குப் பதினைந்து நிமிடம்.