கிளம்ப மறுக்கும் புல்வெட்டி

பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த புல்வெட்டும் இயந்திரத்தை வெளியே எடுத்துக் கயிற்றை இருபது முறை இழுத்தும் அது கிளம்பாதபோது, எஞ்சினின் ஆயுள் முடிந்துவிட்டது என்று உரிமையாளர் எண்ணுவது இயல்பே. ஆனால், இத்தகைய எஞ்சின்களில் பெரும்பாலானவை உள்ளுறுப்புகள் தேய்ந்ததால் நின்றவை அல்ல. தேங்கிய பெட்ரோல், துருப்பிடித்த ஒரு மின்தொடுமுனை, நெளிந்த ஒரு சிறு உலோகத் துண்டு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றே அவற்றை முடக்கியிருக்கும்.

புல்வெட்டியின் வரலாறு 1830ஆம் ஆண்டில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங், கம்பளித் துணியின் பிசிறுகளைக் கத்தரிக்கும் ஆலைப்பொறியின் அமைப்பைப் புல்லுக்குப் பொருத்தி அவ்வாண்டில் காப்புரிமை பெற்றார். அந்தக் கருவி ஆள் தள்ள ஓடியது. 1952இல் சிட்னி நகரில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் பீச் பழ டின் ஒன்றையே பெட்ரோல் தொட்டியாக வைத்து உருவாக்கிய சுழல்தகட்டு இயந்திரம் 'விக்டா' என்ற பெயரில் ஆஸ்திரேலிய வீடுகளில் பரவியது. அதற்கடுத்த ஆண்டில், அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம் அலுமினியத்தால் வார்த்த இலகுவான எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒற்றைச் சிலிண்டரும் காற்றுக் குளிர்ச்சியும் கயிற்றிழுப்பும் கொண்ட இந்த வகை நான்கு வீச்சு எஞ்சினே இவ்வுரைக்கு எடுத்துக்காட்டாகிறது.

எந்தப் பெட்ரோல் எஞ்சினும் ஓடுவதற்கு மூன்று தேவைகள் உண்டு: உரிய நேரத்தில் தீப்பொறி, உரிய அளவில் காற்றோடு கலந்த எரிபொருள், அக்கலவையை இறுக்கும் அழுத்தம். தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் இவற்றைக் கரண்ட், பெட்ரோல், கம்ப்ரஷன் என்று மூன்று சொற்களில் அடக்கிவிடுவார்கள். பழைய ஸ்கூட்டரோடு மல்லுக்கட்டிய எவருக்கும் அந்த வரிசை மனப்பாடமாக இருக்கும். சோதனை எதுவாயினும், தகட்டின் அருகே கை செல்லும் முன் பிளக் ஒயரைக் கழற்றி அப்பால் ஒதுக்கிவிட வேண்டும். வெட்டும் தகடு எஞ்சினின் சுழல்தண்டிலேயே நேராக முடுக்கப்பட்டிருப்பதால், தகட்டைக் கையால் திருப்புவதும் கயிற்றை இழுப்பதும் எஞ்சினுக்கு ஒன்றேதான்.

முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பாதிக் கதை விளங்கிவிடும். பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வந்து சேர்ந்தும் தீப்பற்றவில்லை என்றும், உலர்ந்திருந்தால் எரிபொருளே வரவில்லை என்றும், கரி அப்பியிருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுந்துள்ளது அல்லது காற்று வடிகட்டி அடைத்துள்ளது என்றும் கொள்ளலாம். இரு முனைகளுக்கும் இடையே ஏறத்தாழ 0.76 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, சிந்திய பெட்ரோல் அருகில் இல்லாத நிழலான இடத்தில், பிளக்கின் உலோக உடல் எஞ்சினைத் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுத்தால், நீல நிறப் பொறி படீரெனத் தாவ வேண்டும்.

பொறி தாவவில்லையெனில் புதிய பிளக் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதே மலிவான வழி. அதிலும் பலனில்லாவிடில், ஃப்ளைவீல் எனப்படும் கனத்த சுழல்சக்கரத்தின் அடியில் பார்வையைச் செலுத்த வேண்டும். பேட்டரி இல்லாத இவ்வகை எஞ்சினில், சக்கரத்தின் விளிம்பிலுள்ள காந்தம் காயிலைக் கடந்து செல்லும்போது மின்சாரம் பிறக்கிறது. இந்த ஏற்பாட்டிற்கு மேக்னெட்டோ என்று பெயர். 1980களின் தொடக்கம் வரை வந்த எஞ்சின்களில் அந்த மின்னோட்டத்தை உரிய கணத்தில் துண்டிப்பது 'பாயிண்ட்' எனப்படும் இரு தொடுமுனைகளின் வேலையாக இருந்தது. நெடுங்காலம் சும்மா கிடந்த பாயிண்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் படிந்து மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். நயமான தாளால் அதைத் தேய்த்துத் துடைத்து, இடைவெளியை அரை மில்லிமீட்டராகச் சரிசெய்தால் பல எஞ்சின்கள் உயிர் பெறுகின்றன.

பழகிய மெக்கானிக்கையும் ஏமாற்றும் பழுது ஒன்றும் அந்தச் சக்கரத்தில்தான் ஒளிந்திருக்கிறது. பிளக்கில் நல்ல பொறி இருக்கிறது, பெட்ரோல் வருகிறது, அழுத்தமும் இருக்கிறது. ஆயினும் எஞ்சின் கிளம்புவதில்லை, அல்லது கயிற்றைக் கையிலிருந்து வெடுக்கெனப் பிடுங்கிப் பின்னுக்கு இழுக்கிறது. சக்கரத்தையும் சுழல்தண்டையும் ஒரே நிலையில் பிணைத்து வைப்பது மென்மையான உலோகத்தாலான ஒரு சிறு சாவித்துண்டு. தகடு கல்லிலோ மரவேரிலோ மோதித் திடீரென நின்றால், கனத்த சக்கரம் தன் வேகத்தால் மேலும் சுழல முயன்று அந்தத் துண்டை நெளித்துவிடுகிறது. சக்கரம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அதிலுள்ள காந்தம் இடம் மாறி, தீப்பொறி தவறான நேரத்தில் பிறக்கிறது. ஓட்டியவரோ கல்லில் மோதியதை மறந்துவிட்டுக் கார்புரேட்டரைப் பலமுறை கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். நெளிந்ததை எடுத்துவிட்டு அதே வகைத் துண்டையே போட வேண்டும். கெட்டியான எஃகில் செய்து போடுவது, அடுத்த மோதலின் அடியைச் சுழல்தண்டின் மீது திருப்பிவிடும் வேலை.

எரிபொருளைச் சோதிக்க, பிளக் துளையில் சில சொட்டு பெட்ரோல் விட்டு, பிளக்கை மீண்டும் முடுக்கிக் கயிற்றை இழுத்தால் போதும். எஞ்சின் இரண்டு நொடி ஓடி அணைந்தால், பொறியும் அழுத்தமும் சரியாக உள்ளன. தொட்டிக்கும் சிலிண்டருக்கும் இடையேதான் தடை. சில மாதங்கள் தேங்கிய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிட, எஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகி, ஊசித்துளை அளவே உள்ள கார்புரேட்டர் ஜெட்டை அடைத்துக்கொள்கிறது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தையும் ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். பழைய பெட்ரோல் வார்னிஷ் போல நாறுவதால் மூக்கே இங்கு முதல் கருவி. அதை வடித்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றிக் கிளீனர் திரவத்தால் ஜெட்டைச் சுத்தம் செய்து, இறுகிப்போன ரப்பர் டயஃப்ரம் இருந்தால் மாற்ற வேண்டும். ஓடும்போது எஞ்சினின் வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால், ஜெட் பாதி அடைத்திருக்கிறது அல்லது கேஸ்கெட் வழியே 'ஏர் எடுக்கிறது' என்று பொருள்.

கால் மணி நேரம் நன்றாக ஓடி நின்றுவிடும் எஞ்சினில் முதலில் தொட்டி மூடியைத் தளர்த்திப் பார்க்கலாம். மூடியிலுள்ள காற்றுத்துளை அடைத்தால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி எரிபொருள் நின்றுவிடும். தளர்த்தும்போது எழும் சிறு பெருமூச்சே அதற்குச் சாட்சி. ஓசை எழாவிடில், சூடேறினால் மட்டும் செயலிழக்கும் காயிலையும், புல்தூசி அடைத்த குளிர்விப்பு விலாக்களையும் பார்க்க வேண்டும்.

அழுத்தத்தைச் சோதிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கயிற்றை எளிதாக இழுப்பதற்காக, தொடக்க வேகத்தில் வால்வு சற்றே திறந்திருக்கும்படி இந்த எஞ்சின்கள் அமைக்கப்பட்டிருப்பதால், வழக்கமான அழுத்தமானி பொய்யாகக் குறைந்த அளவைக் காட்டும். பிளக் ஒயரைக் கழற்றி அப்பால் ஒதுக்கி, பிளக்கைத் துளையிலேயே விட்டு, சக்கரத்தைக் கையால் எதிர்த்திசையில் சுழற்றிவிட்டால், நல்ல எஞ்சினில் அது முட்டித் துள்ளித் திரும்பும். துள்ளாமல் சுற்றினால், கரியால் மூடாத வால்வோ, ஊதிப்போன ஹெட் கேஸ்கெட்டோ, தேய்ந்த பிஸ்டன் வளையமோ காரணம். முதல் இரண்டும் ஒரு பிற்பகல் வேலை. வளையத்திற்காக எஞ்சினை முழுவதும் பிரிப்பது, இயந்திரத்தின் மீது தனிப் பற்று உள்ளவர்களுக்கே கட்டுப்படியாகும்.

பழுது நீங்கியபின் சிலர் கவர்னர் எனப்படும் வேகக்கட்டுப்பாட்டின் ஸ்பிரிங்கை இழுத்து மாட்டி எஞ்சினை இன்னும் விரட்ட முயல்கிறார்கள். நொடிக்கு ஏறத்தாழ 96 மீட்டர் என்பதே அமெரிக்கப் பாதுகாப்பு விதி தகட்டின் நுனிக்கு இட்ட வேக எல்லை. அதற்குள் அடங்கவே கவர்னரின் அளவு தொழிற்சாலையில் அமைக்கப்படுகிறது. அந்த வேகத்தில் விரிசல் விட்ட பழைய தகடு ஒன்று முறிந்தால் அது எந்தத் திசையில் பறக்கும் என்று சொல்ல இயலாது. ஆதலால், கவர்னரில் கை வைக்காமல், தகட்டைக் கழற்றி அதன் இரு முனைகளிலும் நடுத்துளையைச் சுற்றியும் விரிசல் தேடுவது அன்றைய வேலையில் எஞ்சியிருக்கும் கடைசிப் பகுதி.