காற்றுப் பட்டால் துரு

போர் தண்ணீரை வாளியில் பிடிக்கிறீர்கள். பளிச்சென்று இருக்கிறது. மறுநாள் பார்த்தால், அடியில் செம்மண் கரைத்த மாதிரி படிவு. வாளியில் கறை வேறு, தேய்த்தாலும் போகாது.

அது இரும்பு. பூமிக்குள் காற்றுப் படாதவரை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடக்கும். காற்றுப் பட்டதும் துருவாகிவிடும்.

கடலோரத்தில் கொடுவாவோ இறாலோ வளர்ப்பவர்கள் இந்தத் தண்ணீரை நேராகக் குளத்தில் விட்டால், துரு செவுளில் படியும். மூச்சு முட்டும்.

அதனால் குளத்துக்கு வெளியிலேயே காற்றுப் படவிடுங்கள். டீ ஆற்றுகிறோமே, அப்படி. உயரத்திலிருந்து, ஓட்டைத் தகடு வழியே மழைபோலக் கொட்டட்டும். பிறகு தனித் தொட்டியில் தேங்கட்டும். துரு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மணலில் வடிகட்டிக் குளத்துக்கு விடுங்கள். தொட்டியின் அடித்தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம்.