விழிஞ்ஞத்தில் நின்றுபோன அலைமின்சாரம்

(திருவனந்தபுரம் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பல்கலைக்கழகமும் தொழில்துறையும் கைகோத்தால் புதுமை பிறக்கும் என்று மேடைதோறும் சொல்கிறோம். அரைகுறையாகக் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் விழிஞ்ஞத்திலேயே ஓர் உதாரணம் உண்டு.

விழிஞ்ஞம் என்றாலே இப்போது 2025 மே மாதம் திறக்கப்பட்ட பெரிய துறைமுகம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது, பழைய மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்பை ஒட்டி இருந்த அலைமின் நிலையம். மத்திய அரசின் கடல் மேம்பாட்டுத் துறை பணம் கொடுக்க, சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் 1991-ல் நிறுவியது. திறன் 150 கிலோவாட்.

சுமார் 3000 டன் எடையுள்ள கான்கிரீட் பெட்டியைக் கடலடியில் உட்கார வைத்தார்கள். பெட்டிக்குள் அலை ஏறும்போது காற்று வெளியே தள்ளப்படும். இறங்கும்போது உள்ளே இழுக்கப்படும். காற்று எந்தப் பக்கம் போனாலும் வெல்ஸ் டர்பைன் ஒரே திசையில்தான் சுற்றும். பௌதிகம் படித்த எனக்கு அது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

மின்சாரம் கேரள மின்வாரியத்துக்குப் போயிற்று. ஆனால் அலை ஆபீஸ் நேரம் பார்த்து வருவதில்லையே! ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆர்ப்பரிக்கும். மற்ற மாதங்களில் பரம சாது. உற்பத்தி நொடிக்கு நொடி ஏறி இறங்கியது. 2004-ல், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இதே சக்தியால் கடல்நீரைக் குடிநீராக்கிக் காட்டியது, நாளொன்றுக்கு 10,000 லிட்டர். 2011-ல் நிலையம் மூடப்பட்டது.

விஞ்ஞானம் தோற்கவில்லை. லாப நஷ்டத்துக்குப் பொறுப்பேற்கும் கம்பெனி ஒன்று முதலிலிருந்தே கூட இருந்திருந்தால், செலவைக் குறைத்து அடுத்த மாடலைச் செய்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். நானும் கோப்பு பார்த்தவன்தான். 'திட்டம் நிறைவேறியது' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவோம். பணம் போட்டவர் அப்படி மூட மாட்டார்.

சென்னை ஐ.ஐ.டி. 2010-ல் திறந்த ஆராய்ச்சிப் பூங்காவில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். அங்கே இடம் பிடிக்கும் கம்பெனி வாடகை கொடுத்தால் மட்டும் போதாது. பேராசிரியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து வேலை செய்து புள்ளிகள் சேர்க்க வேண்டும்.

அலையையும் அவர்கள் விட்டுவிடவில்லை. 2022 நவம்பரில், தூத்துக்குடிக் கரையிலிருந்து சுமார் 6 கி.மீ. தள்ளி, சிந்துஜா-1 என்ற மிதவைக் கருவியைக் கடலில் இறக்கிச் சோதித்தார்கள். விழிஞ்ஞத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனால் இந்தத் தடவை ஐ.ஐ.டி.யிலேயே முளைத்த கம்பெனி ஒன்றும் கூட இருந்தது. நம் பிள்ளைகள் யாராவது அந்தத் துறையில் இருந்தால், காபி சாப்பிடும்போது வந்து சொல்லுங்கள். கேட்க நிறைய வைத்திருக்கிறேன்.