அயல் நகரில் தங்கும் இடம்



புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலை அடையும் பகுதியில் வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. அதனை அடுத்து ஆற்றங்கரையில் உள்ள மேட்டினை அரிக்கமேடு என்கிறோம். 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து ஆராய்ந்தார். அடுத்து, 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசால் ஆராய்ந்தார்; அவர் 1949-இல் வெளியிட்ட நூலின் பெயரிலேயே வீராம்பட்டினமும் சேர்ந்திருக்கிறது. மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட பொருள்களுள் மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடிகளின் உடைசல்களும் உண்டு. மதுவும் ஒலிவ எண்ணெயும் நிரம்பி வந்த சாடிகள் அவை.

அக்காலத்தில் கடல் கடந்து வந்தவர்கள், வந்த அன்றே திரும்பிவிட முடியாது. காற்றின் திசை மாறும் பருவம் வரையில் காத்திருக்க வேண்டும். அயலூரில் எங்கே தங்குவது, எதை உண்பது என்ற கேள்விகள் அவர்களுக்கும் எழுந்திருக்கும். இன்று அதே கேள்விகள் நமக்கு எழுகின்றன. அன்று அயல்நாட்டார் நம் கரைக்கு வந்தனர். இன்று நாம் குடும்பத்தோடு அவர்கள் நகரங்களுக்குப் போகிறோம்.

புதுச்சேரியில் இப்பயணம் புதுமையன்று. 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் பிரெஞ்சுப் பகுதிகள் இந்தியாவோடு சட்டப்படி இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பி ஏற்ற குடும்பங்கள் இங்குப் பல. அவற்றின் கிளைகள் பாரிசிலும் அதன் புறநகர்களிலும் வாழ்கின்றன. பேரன் பேத்தியரைக் காண முதியோர் போகின்றனர். ஊரைக் காண இளைஞர் போகின்றனர். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கோ கணக்கில்லை.

இதனை மாணவர்களாகிய உங்களிடம் ஏன் பேசுகிறேன்? பெரும்பாலான வீடுகளில் இன்று விடுதியைத் தேர்ந்தெடுப்பவர்கள் நீங்களே. கைப்பேசியைத் திறந்து, படங்களைப் பார்த்து, விலையை ஒப்பிட்டு, அறையைப் பதிவு செய்யும் வேலையைப் பெற்றோர் உங்களிடம் ஒப்படைத்துவிடுகின்றனர். அந்த வேலையில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். அதனால்தான் பேசத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அன்னையாரை அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு பாரிசுக்குச் சென்றேன். அப்போது அவருக்கு எழுபதைக் கடந்த வயது. நகரின் நடு இடத்தில் தங்க வேண்டும் என்று நான் விரும்பினேன். நோத்ர தாம் பேராலயத்துக்கு அருகிலேயே, குறைந்த வாடகையில், அழகிய பழைய விடுதி ஒன்று கிடைத்தது. போய்ச் சேர்ந்த பின்னர்தான் உண்மை தெரிந்தது. அறை நான்காம் மாடியில், மின்தூக்கி இல்லை. குறுகி வளைந்து செல்லும் மரப்படிகள். முதல் நாள் அன்னையார் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மாடிக்கு மாடி நின்று நின்று ஏறினார். இரண்டாம் நாள் ஒரு முறை மட்டும் இறங்கினார். மூன்றாம் நாள் காலையில், "நீங்கள் போய் வாருங்கள், எனக்கு இந்தச் சன்னலே போதும்," என்றார். அவர் குறை கூறவில்லை. குறை கூறியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். இத்தனை ஆயிரம் கல் கடந்து வந்தவர், எதிர்வீட்டுச் சுவரையும் ஒரு துண்டு வானத்தையும் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

என் தவறு யாது? நகரின் நடுவிடத்தை வரைபடத்தில் தேடினேன். என் கால்களால் அளந்தேன். குடும்பத்துக்கு விடுதி தேடுகிறவர், அக்குடும்பத்தில் எவர் கால்கள் மிகவும் தளர்ந்தவையோ அவர் கால்களால் அளக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்த செய்தி இதுவே. மற்றவையெல்லாம் இதன் விளக்கங்கள்.

நடுவிடம் என்பது யாது என்று முதலில் பார்ப்போம். பாரிசு நகரம் இருபது வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நடுவில் முதல் வட்டாரம் தொடங்கி, நத்தையின் ஓடு சுருள்வது போல எண்கள் வெளிநோக்கிச் செல்கின்றன. நோத்ர தாம் முன்றிலில் பதித்த ஒரு குறியிலிருந்தே பிரான்சின் சாலைத் தொலைவுகளை அளக்கின்றனர். ஆகவே அதுவே நடுவிடம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் உங்கள் குடும்பம் அந்நகரில் ஒரு நாளை எப்படிக் கழிக்கப்போகிறது? காலையில் இட்டலியோ தோசையோ கிடைக்க வேண்டும். பகலில் இரண்டு இடங்களைக் காண வேண்டும். மாலையில் புறநகரிலுள்ள அத்தையின் வீட்டுக்குச் செல்ல வேண்டும். இவ்வனைத்துக்கும் வசதியான இடமே உங்களுக்கு நடுவிடம்.

நம் ஊரை வைத்தே இதனைச் சோதித்துப் பாருங்கள். புதுச்சேரிக்கு வரும் விருந்தினருக்கு, கடற்கரைச் சாலையை ஒட்டிய பிரெஞ்சுத் தெருக்களே நடுவிடம். அருங்காட்சியகமும் ஆசிரமமும் கடலும் நடக்கும் தொலைவில் உள்ளன. ஆனால் அவர் ஆடித் திங்களின் ஐந்தாம் வெள்ளியன்று வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரைக் காண வருகிறார் என்று கொள்வோம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வடம் தொட்டுத் தொடங்கிவைத்த தேர் அது. அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. அன்று கூட்டம் சாலையை நிறைத்துவிடும். அந்நாளில் அரியாங்குப்பத்தில் ஓர் எளிய அறை கிடைத்தாலும், அதுவே கடற்கரைச் சாலையின் மாளிகையைக் காட்டிலும் நடுவானது. பயணத்தின் நோக்கத்தோடு நடுவிடமும் மாறுகிறது.

பாரிசில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் பொருந்தக்கூடிய இடங்களுள் வடக்கு நிலையமாகிய கார் தியு நோர் சுற்றுப்புறம் ஒன்று. விமான நிலையத்திலிருந்து வரும் புறநகர் இரயில் அங்கே நேரே வந்து நிற்கிறது. அருகில் லா சப்பேல் பகுதியில் தமிழ்க் கடைகள் வரிசையாக உள்ளன. அவற்றுள் பல ஈழத் தமிழருடையவை. முருங்கைக்காயும் புழுங்கலரிசியும் அங்கே கிடைக்கும். பதினெட்டாம் வட்டாரத்தில் மாணிக்க விநாயகர் ஆலயமும் உண்டு. ஆயினும் பெரிய இரயில் நிலையங்களின் அருகே இரைச்சலும் நெருக்கடியும் மிகுதி. பணப்பையையும் கடவுச்சீட்டையும் காத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு விலை உண்டு என்பதை அறிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிலையம் அருகில் இருப்பது மட்டும் போதுமா? போதாது. பாரிசின் நிலத்தடி இரயில் 1900-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. பழைய நிலையங்களில் பெரும்பாலானவற்றில் படிகளே உள்ளன, மின்தூக்கி இல்லை. 1998-இல் திறக்கப்பட்ட பதினான்காம் தடத்தின் நிலையங்கள் எல்லாவற்றிலும் மின்தூக்கி உண்டு. நகரப் பேருந்துகளோ தாழ்ந்த தளம் உடையவை. முதியோர் எளிதில் ஏறலாம். ஆகவே மூட்டுவலி உள்ளவர் உடன்வந்தால், நிலத்தடி நிலையத்தைவிடப் பேருந்து நிறுத்தத்தின் அருகே விடுதி தேடுவது அறிவுடைமை. மொன்மார்த்ர் போன்ற குன்றுப் பகுதியாயின், வரைபடத்தில் இருநூறு மீட்டராகத் தெரிவது நேரில் நூறு படிகளாக இருக்கலாம்.

இனி, வசதி என்பதைக் காண்போம். விடுதிகளின் பெயரோடு விண்மீன்களைக் காண்கிறோம். பிரான்சில் ஒன்று முதல் ஐந்து வரை விண்மீன்கள் வழங்கப்படுகின்றன. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைப் புதுப்பிக்க வேண்டும். அறையின் பரப்பு, வசதிகள், பணிகள் ஆகியவற்றை எண்ணி அவை தரப்படுகின்றன. ஒரு விண்மீன் விடுதியில் இருவர் தங்கும் அறை ஒன்பது சதுர மீட்டர் இருந்தாலே போதும். அதாவது நீளம் மூன்று மீட்டர், அகலம் மூன்று மீட்டர். அதில் இரண்டு பெட்டிகளைத் திறந்துவைத்தால் நடக்க இடமிராது. விண்மீன் எத்தனை என்று கேட்பதோடு நில்லாமல், அறையின் பரப்பு எவ்வளவு என்றும் கேளுங்கள். அறை எந்த மாடியில் உள்ளது, மின்தூக்கி அறையின் தளம் வரையில் செல்கிறதா, குளியலறையில் உயர்ந்த தொட்டியின் விளிம்பைத் தாண்டி இறங்க வேண்டுமா என்பவற்றையும் எழுதிக் கேளுங்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பமாயின், இடையே கதவுள்ள இரண்டு அறைகள் கிடைக்குமா என்று வினவுங்கள். இல்லையேல் பாட்டி ஒரு மாடியிலும் பேரன் வேறொரு மாடியிலும் தங்க நேரும்.

உணவும் வசதியைச் சேர்ந்ததே. இதனைச் சிலப்பதிகாரம் எத்துணை நுட்பமாக உணர்ந்திருக்கிறது! கோவலனும் கண்ணகியும் சோழ நாட்டிலிருந்து பாண்டிய நாட்டின் தலைநகருக்குச் சென்றனர். அவர்களுக்கு அது வேற்று நாடு. கோவலன் கண்ணகியைக் கவுந்தியடிகளின் காவலில் விட்டு, முதலில் தான் மட்டும் சென்று மதுரையைக் கண்டு திரும்பினான். கவுந்தியடிகளோ நடந்து களைத்த கண்ணகியை மாதரி என்னும் இடையர் குல மூதாட்டியிடம் அடைக்கலமாகக் கொடுத்தார். மாதரி அவர்களுக்குத் தனியே ஒரு சிறு மனை தந்தாள். அவர்கள் சமண நோன்பினர் என்பதை அறிந்து, சமைப்பதற்குப் புதிய கலங்களையும் அரிசியையும் காய்களையும் அளித்தாள். பாதுகாப்பு, தனிமை, தமக்குப் பழகிய உணவைத் தாமே சமைக்கும் வசதி ஆகிய மூன்றும் அம்மனையில் இருந்தன. பின்னர் நேர்ந்த துயரத்துக்குக் காரணம் அந்த மனையன்று.

மாதரியின் மனை போன்று அடுக்களையுள்ள வீடுகள் இன்றும் வாடகைக்குக் கிடைக்கின்றன. குழந்தைக்குப் பால் காய்ச்சவும் முதியோருக்குக் கஞ்சி வைக்கவும் அவை உதவும். ஆனால் அந்தந்த நாட்டுச் சட்டத்தை அறிந்துகொள்ள வேண்டும். பாரிசில் அத்தகைய வீட்டின் விளம்பரத்தில் பதிவெண் காட்டப்பட வேண்டும். அது இல்லையேல் ஒதுங்கிவிடுங்கள். சிங்கப்பூரிலோ தனியார் குடியிருப்பு வீடுகளை மூன்று திங்களுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவதே சட்ட விரோதம். அங்கே விடுதிதான் வழி. சிராங்கூன் சாலைப் பகுதியில் தங்கினால் கோயிலும் உணவகமும் அருகிலேயே கிடைக்கும். நிலத்தடி இரயில் நிலையங்களில் மின்தூக்கியும் உண்டு. ஆயினும் அந்நகரின் மலிவான அறைகள் சிலவற்றில் சன்னலே இராது. அதனை முன்பே கேட்டு அறிக.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். பிரான்சுக்குச் சுற்றுலாவாகச் செல்பவர், எங்கே தங்குவார் என்பதற்குச் சான்று காட்டியே நுழைவிசைவு கேட்க வேண்டும். உறவினர் வீட்டில் தங்குவதாயின், அவ்வுறவினர் தம் ஊர் நகராட்சியில் வரவேற்புச் சான்று பெற்று அனுப்ப வேண்டும். விடுதியாயின், பதிவு செய்த சான்று வேண்டும். இசைவு கிடைக்குமுன்பே அறையைப் பதிவு செய்ய நேர்வதால், கட்டணமின்றி நீக்கிக்கொள்ளக்கூடிய அறையையே தேர்ந்தெடுங்கள். சில காசு குறைகிறது என்று திருப்பித் தராத அறையைப் பிடித்துவிடாதீர்கள். காலை உணவு வாடகையில் அடங்குமா, தலைக்குத் தனிக் கட்டணமா என்று பாருங்கள். பிரான்சில் தங்குவோர் வரி என்று ஒன்று உண்டு. ஒருவருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவர். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு அது இல்லை. விமானம் காலையில் இறங்கும். அறையோ பெரும்பாலும் பிற்பகலில்தான் கிடைக்கும். அதுவரை பெட்டிகளை வைக்க இடமும், முதியோர் அமர நாற்காலியும் உண்டா என்று முன்பே எழுதிக் கேட்பது நலம்.

பிறர் எழுதிய கருத்துகளையும் படியுங்கள். ஆனால் எழுதியவர் யார் என்று பாருங்கள். தனியே சென்ற இளைஞருக்குச் சிறந்த விடுதி, கைக்குழந்தையோடு செல்லும் தாய்க்குச் சிறந்ததாக இராது. உங்கள் குடும்பம் போன்ற குடும்பம் சென்ற ஆண்டு எழுதிய ஒரு குறிப்பு, தனித்துப் போனவர்கள் எழுதிய நூறு புகழுரைகளைவிடப் பயன் தரும்.

என் அன்னையாரின் கதையை முடிக்கவில்லை. நான்காம் நாள் உறவினர் ஒருவர் புறநகரிலிருந்து வந்தார், நிலைமையைக் கண்டார், என்னைக் கடிந்தார். அன்று மாலையே வடக்கு நிலையத்தின் அருகில், மின்தூக்கியுள்ள வேறொரு விடுதிக்கு மாறினோம். அறை அழகானதன்று, சன்னலைத் திறந்தால் வண்டிகளின் இரைச்சல். மறுநாள் காலை நான் விழித்தபோது அன்னையார் அறையில் இல்லை. பதறி இறங்கி ஓடினேன். கீழே தெரு முனையில், காய்கறிக் கடைக்காரரோடு தமிழில் முருங்கைக்காய் விலையைப் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இங்கே எல்லாம் ஊர் விலையைவிட அதிகம்," என்றார். பாரிசு நகரைப் பற்றி அவர் சொன்ன முதல் கருத்து அதுதான்.

மாணவர்களே, அடுத்த முறை உங்கள் வீட்டில் எவரேனும், "நல்ல விடுதியாகப் பார்த்துச் சொல்," என்று கைப்பேசியை உங்களிடம் நீட்டினால், படங்களைத் திறக்குமுன் அருகிலிருக்கும் பாட்டியாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நின்று இளைப்பாறாமல் எத்தனை படிகள் ஏறுவீர்கள், பாட்டி?" அவர் சொல்லும் எண்ணை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தேடுங்கள்.