கிழிந்த சுவர்த்தாள்
(வானொலி மறையுரை: குழந்தை தெரேசம்மாள் திருவிழா, அக்டோபர் 1)



கையில் சிலுவையும் ரோஜா மலர்களுமாக நம் ஆலயங்களில் நிற்கும் குழந்தை தெரேசம்மாளின் சுரூபத்தைப் பார்த்தால், பிறந்தது முதலே அமைதியான பிள்ளையாக வளர்ந்தவர் என்றுதான் நமக்குத் தோன்றும். அவருடைய தாய் செலி மார்ட்டின் எழுதிய கடிதங்கள் வேறொரு பிள்ளையைக் காட்டுகின்றன. அக்கா செலினைவிடக் கெட்டிக்காரி, ஆனால் அவளைப்போலச் சாதுவானவள் அல்ல. ‘மாட்டேன்’ என்று சொல்லிவிட்டால் அசைக்க முடியாத பிடிவாதம் என்று அந்தத் தாய் எழுதுகிறார்.

பெரிய அக்கா லெயோனி ஒருநாள் தன் பொம்மைத் துணிகளைக் கூடையோடு கொண்டுவந்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தங்கைகளிடம் நீட்டினார். செலின் ஒரு சிறு நாடாக் கட்டை எடுத்துக்கொண்டார். தெரேசம்மாளோ எல்லாம் எனக்கே என்று கூடையையே வாங்கிக்கொண்டார்! ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே செபம். பிள்ளைகளின் சுபாவம் மட்டும் இரண்டு.

1956-இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதியர் கைக்குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். புதியதைக் கண்டு ஒதுங்குவது, உணர்ச்சி பொங்கி எழுவது, தொட்டதை விடாமல் பிடித்திருப்பது போன்ற இயல்புகள் வெகு சீக்கிரமே வெளிப்படுவதை அவர்கள் கண்டார்கள். அந்த இயல்போடு வீடு ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம் என்றும் சொன்னார்கள். நான்கு பிள்ளை பெற்ற நம் பாட்டிமாருக்கு இது புதுச் செய்தி இல்லை.

எல்லாம் வேண்டும் என்கிற சுபாவம் தன்மேலேயே திரும்பினால் என்ன ஆகும்? ஓர் எழுத்து சாய்ந்துவிட்டதென்று பக்கத்தையே கிழிக்கும் பிள்ளை நம் வீடுகளில் இருக்கிறது. 98 மதிப்பெண் வாங்கிவிட்டு அந்த 2-க்காக இரவெல்லாம் அழும் பிள்ளை இருக்கிறது. மறைக்கல்வி வகுப்பில் விடை தெரிந்தும், தவறிவிடுமோ என்று கை தூக்காத பிள்ளையும் இருக்கிறது. முதல் இருவரையும் ‘பொறுப்பான பிள்ளை’ என்கிறோம். மூன்றாவது பிள்ளையை ‘மந்தம்’ என்கிறோம். மூவருக்கும் நோவு ஒன்றே. அறிவுள்ள பிள்ளைக்கும் இது வரலாம். எப்படி இருக்கவேண்டும் என்பது மனத்தில் அழகாகத் தெரிகிறது. எட்டு வயதுக் கைக்கு அது வரவில்லை.

சுபாவத்தை நாம் மாற்றிவிட முடியாது. தவறைப்பற்றி எப்படி நினைப்பது என்பதைக் கற்றுக்கொடுக்கலாம். இங்கேதான் அந்தச் சுவர்த்தாள் நமக்கு உதவுகிறது. சிறுமி தெரேசம்மாள் ஒருநாள் தெரியாமல் சுவரில் ஒட்டியிருந்த தாளின் ஓரத்தைக் கிழித்துவிட்டார். பாவம், துடித்துப்போனார். அப்பா வீடு திரும்பியபோது எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். பிள்ளையோ, அப்பாவிடம் சீக்கிரம் சொல் என்று மூத்த அக்கா மரியாவிடம் ஓடியது. தீர்ப்புக்குக் காத்திருக்கும் குற்றவாளிபோல நின்றது. ஆனால் தாய் இன்னொன்றையும் கவனித்து எழுதுகிறார்: தானாகச் சொன்னால் எளிதாக மன்னிப்பார்கள் என்று அந்தச் சின்ன மனத்தில் ஓர் எண்ணம் இருந்ததாம். செலியம்மாள் அலென்சோன் நகரின் புகழ்பெற்ற லேஸ் வேலை செய்தவர். ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கும் கண் அவருடையது. அந்தக் கண்ணுக்கும் மகளின் கிழிசல் பெரிதாகத் தெரியவில்லை.

தெரேசம்மாளுக்கு நாலரை வயதானபோது, 1877-இல், அந்தத் தாய் இறந்துபோனார். பிள்ளை தொட்டதற்கெல்லாம் அழுதது. பிறகு அழுதுவிட்டோமே என்று மறுபடி அழுதது. 12 வயதில், 1885 மே மாதத் தியானத்தின்போது, எதைச் செய்தாலும் எதை நினைத்தாலும் பாவமோ என்று நடுங்கும் மனஉறுத்தல் தொடங்கியது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு அது விடவில்லை. தன்னைக் காத்தவர் அக்கா மரியாதான் என்று தெரேசம்மாளே எழுதியிருக்கிறார். மரியா அவரைத் திட்டவில்லை. ‘இதெல்லாம் ஒன்றுமில்லை, போ’ என்று தள்ளவும் இல்லை. தினமும் உட்கார்ந்து கேட்டார். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் எதைச் சொல்ல வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று பிரித்துக் காட்டினார். எது பெரியது, எது சின்னது, எது தவறே இல்லை என்று பிரித்துப் பார்ப்பது ஒரு திறமை. வாய்ப்பாடுபோல அதையும் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் குருக்களாகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. பிள்ளை தூக்கமும் உணவும் இழந்து, பள்ளிக்குப் போகவே அஞ்சினால், செபத்தோடு மருத்துவரிடமும் அழைத்துப்போக வேண்டும். அது விசுவாசக் குறைவு ஆகாது.

‘ஆண்டவரே நிறைவுள்ளவராக இருக்கச் சொன்னாரே, சாமி’ என்று சிலர் கேட்பதுண்டு. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தின் கடைசி வசனம் அது. அதற்குச் சற்று முன்னால் இருப்பதையும் சேர்த்து வாசியுங்கள்: நல்லவர் வயலுக்கும் தீயவர் வயலுக்கும் மழை தரும் தந்தையைப்பற்றி இயேசு பேசிக்கொண்டிருக்கிறார். அதே போதனையைச் சொல்லும் லூக்கா, ‘நிறைவு’ என்ற சொல் வரும் இடத்தில் ‘இரக்கம்’ என்றே எழுதுகிறார். அப்படியிருக்க, அந்த வசனத்தைப் பிள்ளையின் தலையில் பிரம்பாக இறக்குவது எப்படித் தகும்?

1886 அக்டோபரில் மரியாவும் கார்மேல் மடத்துக்குப் போய்விட்டார். தெரேசம்மாள், குழந்தையிலேயே இறந்துபோன தம் அண்ணன்மார், அக்காமார் நால்வரிடமும் உதவி கேட்டு மன்றாடினார். அமைதி வந்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலி முடிந்து வந்த தந்தை களைப்பில், காலணிக்குள் பரிசு வைக்கும் இந்தச் சிறுபிள்ளை வழக்கம் இத்தோடு முடியட்டும் என்று முணுமுணுத்தது மாடிப்படியில் அவர் காதில் விழுந்தது. கண்ணீர் முட்டியது. விழுங்கிக்கொண்டு இறங்கி வந்தார், பரிசுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சிரித்தார், தந்தையும் சிரித்தார். சுபாவம் அதேதான், ‘எல்லாம் வேண்டும்’ என்ற அதே பிள்ளைதான் பின்னாளில் சிறு வழியைக் கண்டுபிடித்தது.

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் வீடுகளுக்கு வரத் தொடங்கும் நேரம் இது. தேர்வு முடிவு வரும் நாள்களில் சில வீடுகளில் என்ன நடந்துவிடுகிறது என்று நமக்குத் தெரியும். வீட்டில் சொல்ல முடியாத பிள்ளைதான் நம்மைப் பயமுறுத்துகிறது. விடைத்தாளில் கையெழுத்து கேட்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பதுபோல உங்கள் மகளோ மகனோ வந்து நின்றால், மதிப்பெண்ணைப் பார்க்குமுன் முகத்தைப் பாருங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். பிறகு இருவருமாகத் தாளை விரித்துவைத்து, எந்தத் தவறு பெரியது, எது சின்னது என்று நிதானமாகப் பாருங்கள்.