வீரனுக்குக் குற்றம் பொருந்துமா?

(தேவாரத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்ட விஷயம் சினிமாவைப் பற்றியதாகும். சினிமாவைப் பற்றி நமக்குப் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இவ்வூர் வாலிபர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, படத்தில் வருகிற மகாவீரன் குடிப்பதும், திருடுவதும், கொலை செய்வதும் அவனுடைய குணத்துக்குப் பொருந்துமா, பொருந்தாதா என்று வாதாடிக் கொண்டிருப்பதாகவும், அதற்கு நாம் ஒரு அபிப்பிராயம் சொல்ல வேண்டுமென்றும் கேட்டார்கள். நாம் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. உங்கள் புத்தியைக் கொண்டு ஆலோசித்து, சரி என்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தள்ளி விடுங்கள்.

இந்த வழக்கு சினிமா வந்த பிறகு வந்ததல்ல. வாலியை இராமன் மறைந்து நின்று கொன்றானே, அன்றைக்கே வந்து விட்டது. அம்பு பட்டவனே கேட்டான். அதற்கு வால்மீகியில் சொல்லப்படும் சமாதானம் என்ன? தம்பி மனைவியை எடுத்துக் கொண்டாய், அதனால் கொன்றேன் என்பது ஒன்று. நீ மிருகம், மிருகத்தை மறைந்திருந்து அடிப்பது அரசருக்கு வழக்கம் என்பது மற்றொன்று. மிருகமானால் அதற்குத் தம்பி மனைவி என்கிற முறை ஏது? முறை உண்டென்றால் அது மிருகமாவது எப்படி? அது போகட்டும். வாலி செத்த பிறகு சுக்கிரீவன் அண்ணன் மனைவி தாரையோடு வாழ்கிறான். அவன் மேல் அம்பு பாயவில்லை! கம்பருக்கு இது உறுத்தியிருக்கிறது. ஆகவே தாரையை விதவைக் கோலத்தில் கொண்டு வந்து நிறுத்தி விட்டார். ஆண்பிள்ளைகளின் யோக்கியதையைக் காப்பாற்றக் கடைசியில் ஒரு பெண்தான் பூவும் பொட்டும் இல்லாமல் நிற்க வேண்டியிருந்தது.

இனி சினிமாவுக்கு வருவோம். 1954ல் ‘மலைக்கள்ளன்’ என்ற படம் வந்தது. நாமக்கல் கவிஞர் எழுதிய கதை, கோவை பட்சிராஜா ஸ்டூடியோ எடுத்தது, எம்.ஜி.ஆர். நடித்தது. வேஷம் மாறித் திரிந்து, இருப்பவனிடம் பிடுங்கி இல்லாதவனுக்குக் கொடுக்கும் கள்ளன். சீமையில் 1938ல் ‘சூப்பர்மேன்’ என்று ஒருவனைச் சித்திரக் கதையில் உண்டாக்கினார்களே, அவனைப் போல ஆகாயத்தில் பறக்கா விட்டாலும், நம் ஜனங்களுக்கு அப்படிப்பட்ட வீரன் இவன்தான். திருட்டு இவனுக்குப் பொருந்தாது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏனென்றால் ஏன் திருடுகிறான் என்பது கதையிலேயே இருந்தது.

ஆனால் அதே நடிகர் பிற்காலத்தில் திரையில் சிகரெட்டுப் பிடிப்பதையும் குடிப்பதையும் தவிர்த்தார். 1962ல் ‘பாசம்’ படத்தில் செத்துப் போகிறார்; அதை இரசிகர்கள் விரும்பவில்லை என்று சொல்லுவார்கள். சாவதுகூடக் குற்றமாகி விட்டது! 1968ல் ‘ஒளிவிளக்கு’ வந்தது. அவருக்கு நூறாவது படம். அதில் அவர் திருடன், குடிக்கவும் செய்கிறான். இதை எப்படிக் காட்டுவது? குடித்து நிற்கும்போது அவனுடைய உருவங்களே பலவாக எழுந்து வந்து, நீ மனிதன்தானா என்று அவனையே கேட்கும்படி பாட்டு வைத்தார்கள். நமக்கு அந்தப் பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடித்தான், வெட்கப்பட்டான், அவனைக் கேள்வி கேட்க வெளியிலிருந்து சாமியோ சாமியாரோ வரவில்லை, அவன் அறிவே வந்தது. அந்தக் குற்றம் அவனுக்குப் பொருந்தியதாகவே நாம் கருதுகிறோம்.

அதே படத்தில், உயிருக்குப் போராடும் அவனுக்காக ஒரு விதவை ஆண்டவனை வேண்டும் பாட்டும் உண்டு. 1984ல் எம்.ஜி.ஆர். நோயில் கிடந்தபோது அந்தப் பாட்டைத் தியேட்டர்களில் போட்டு ஜனங்கள் அழுதார்கள். படத்திலுள்ள திருடனுக்குச் செய்த வேண்டுதல் முதல் மந்திரிக்கு வந்து சேர்ந்தது. பாத்திரம் எது, மனிதன் எது என்று பிரித்துப் பார்க்க முடியாதவனுக்கு வீரனின் குற்றம் கண்ணில் படுமா?

இப்பொழுது வாலிபர்கள் அதிகமாகச் சண்டை போட்ட விஷயத்துக்கு வருகிறோம். அது 2005ல் ஷங்கர் எடுத்து விக்ரம் நடித்த ‘அந்நியன்’. அம்பி என்று ஒரு வக்கீல். சட்டத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் நடத்துகிறவன். ஊரார் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவனுக்குள்ளேயே அந்நியன் என்று இன்னொருவன் இருந்து கொண்டு, தப்புச் செய்கிறவர்களுக்குக் கருட புராணத்தில் சொன்ன நரக தண்டனையை இங்கேயே கொடுக்கிறான். விபத்தில் அடிபட்டவனுக்கு உதவாதவனை எருமைகளை விட்டு மிதிக்க வைக்கிறான். ரயிலில் கெட்ட சாப்பாடு போட்டவனை எண்ணெயில் பொரிக்கிறான். மட்டமான பிரேக் கம்பி செய்தவனை அட்டைகளுக்குத் தின்னக் கொடுக்கிறான்.

தாய்மார்களே, அட்டையைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியுமுன் ஜீப்பில் நெருக்கி ஏறி, ஏலத் தோட்டத்துக்குக் களை எடுக்கவும் காய் எடுக்கவும் போகிறீர்கள். மழைக் காலத்தில் காலில் உப்பையும் புகையிலைத் தூளையும் தேய்த்துக் கொண்டாலும் அட்டை விடுவதில்லை. அட்டை கடிப்பது பாவத்துக்குத் தண்டனை என்றால் நீங்கள் செய்த பாவம் என்ன? கூலிக்குப் போனதா? மலைச் சரிவில் அட்டைக்குப் பாவி யார், புண்ணியவான் யார் என்று தெரியாது. புராணம் எழுதியவன் களை எடுத்துப் பார்த்தவனாய் இருக்க மாட்டான்.

அந்நியன் செய்த கொலைகள் அவன் குணத்துக்குப் பொருந்துமா என்றால், நன்றாகப் பொருந்தும் என்றே நாம் சொல்லுவோம். ஊசிப்போன சோற்றுக்கும் உயிருக்கும் ஒரே விலை போடுகிற புத்தகத்தை வேதவாக்காக எடுத்துக் கொண்டவன் வேறு என்ன செய்வான்? அந்த மட்டில் கதை எழுதியவர் பொய் சொல்லவில்லை. நம்முடைய சண்டை வேறு. அவன் கொன்றதற்கு நம்மைக் கைதட்டச் சொல்லி விட்டு, கோர்ட்டுக்கு வந்தவுடன், இவன் சித்தம் கலங்கியவன், இவனைத் தண்டிக்கக் கூடாது என்கிறார்கள். பைத்தியம் என்றால் அவன் சொன்ன நீதியைப் பெரிய உபதேசம் மாதிரி, அரங்கு நிறைந்த ஜனங்களுக்கு முன் ஏன் பேச விட வேண்டும்? நீதிமான் என்றால் ஏன் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்? மிருகம் என்றும் முறை தவறியவன் என்றும் வாலிக்குச் சொன்ன சமாதானம் இப்படித்தானே இருந்தது?

2013ல் வந்த படத்தில் அந்தச் சூப்பர்மேனும் எதிரியின் கழுத்தை முறிக்கிறான். எதிரே ஒரு குடும்பம் எரிந்து போகவிருந்தது. வேறு வழி அவனுக்குக் கிடைக்கவில்லை. முறித்தவுடன் கதறுகிறான். அவன் கொல்லலாமா என்று அந்த நாட்டு இரசிகர்களும் வருஷக் கணக்கில் சண்டை போட்டார்கள். கதறலாவது இருந்ததே என்று நாம் நினைத்துக் கொண்டோம்.

அம்பி கதறவில்லை. அவன் தங்கை சிறு பெண்ணாக இருந்தபோது, மழைத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து செத்தவள். வேலையில் அசட்டையாக இருந்தவன் ஒரு மின்சாரத் தொழிலாளி. ஆஸ்பத்திரியில் குணமாகி வந்த அம்பி, கடைசியில் ரயிலில் குடித்துக் கொண்டிருக்கும் அந்த ஆளைக் கண்டு வெளியே தள்ளி விட்டு, ஒன்றும் நடக்காதவன் போல மனைவியிடம் வந்து உட்காருகிறான். இப்பொழுது அவன் பைத்தியமும் அல்ல, அந்நியனும் அல்ல. தெரிந்தே செய்கிறான். அதற்கும் கொட்டகையில் விசில் அடித்தார்கள்.

ஒரு வாலிபர் நம்மிடம், “ஐயா, உங்கள் தங்கை செத்திருந்தால்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நமக்கும் ஆத்திரம் வந்திருக்கும். நாளைக்கு மலைப் பாதையில் ஒரு ஜீப் கவிழ்ந்தால் டிரைவரை அடிக்கத்தான் முதலில் கை ஓங்கும். அடித்த பிறகு? ஒரு ஜீப்பில் அத்தனை பேரை ஏற்றினால்தான் கட்டும் என்கிற நிலைமை எப்படி வந்தது? கூலிக்காரருக்குப் பஸ் ஏன் இல்லை? செத்தவளின் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? டிரைவரைப் பள்ளத்தில் தள்ளி விட்டால் இவற்றைக் கேட்க ஒருவனும் மிச்சமிருக்க மாட்டான். அந்தப் படத்தில்கூட, தெருவில் தண்ணீர் தேங்காமல் யார் பார்த்துக் கொண்டார்கள், கம்பியை யார் பழுது பார்த்தார்கள் என்று நமக்குக் கடைசி வரை தெரியவில்லை.

நேரம் அதிகமாகி விட்டது. காலையில் ஜீப்புக்குப் போக வேண்டிய தாய்மார்கள் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மறுத்துச் சொல்ல வேண்டியவர்கள் மேடைக்கு வந்து தாராளமாகச் சொல்லலாம். அந்த வாலிபரே முதலில் வரட்டும்.